'லி' ஒட்டினால் வினையடை ஆகிவிடுமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் மாட்டுத்தாவணிக்கு வேலைக்கு வந்து போகிறேன். பூ ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுவதும் மெயில் போடுவதும் என் வேலை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பிறகு பி.காம். ஆங்கிலத்தில் ஓரளவு வாக்கியம் எழுத வருகிறது. அட்வெர்ப், அதாவது வினையடை, வந்தால் மட்டும் தடுமாறுகிறேன். போன மாதம் சிங்கப்பூர் பார்ட்டிக்கு 'தி ஸ்டாஃப் ஆர் வொர்க்கிங் ஹார்ட்லி. தி ஃப்ளவர்ஸ் வில் ரீச் லேட்லி' என்று எழுதிவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, 'என்னம்மா, நம்ம ஆளுக வேலையே பாக்கலைன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியே' என்றார். பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) 'லி' சேர்த்தால் வினையடை என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? 'ஐ வெரி லைக்', 'எஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்' என்று எழுதுவதும் தப்பு என்கிறார்கள். ஏன் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. வங்கித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் முதலாளி சொன்னது சரிதான். 'ஹார்ட்லி' என்றால் 'அனேகமாக இல்லை' என்று பொருள். சிங்கப்பூரில் அந்த மெயிலைப் படித்தவர், ஆட்கள் பேருக்கு வேலை பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள நிறையவே வாய்ப்பு உண்டு. 'லேட்லி' என்றால் 'சமீப காலமாக'. பூ சமீப காலமாக வந்து சேரும் என்பதற்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது 'தி ஸ்டாஃப் ஆர் வொர்க்கிங் ஹார்டு. தி ஃப்ளவர்ஸ் வில் அரைவ் லேட்'. (இங்கே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.)

பள்ளியில் சொல்லித்தந்த விதி பொய்யில்லை, பாதி விதி. வினையடையின் உருவத்தை மட்டும் அது சொல்கிறது. எங்கே வைப்பது என்பதை விட்டுவிடுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கில வினையடையில் செய்யும் தப்பை எடுத்துப் பார்த்தால், இடத்தைத் தவற விடுவதுதான் அதிகம். உருவத்தை இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடலாம், இடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். அதனால் உருவத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு இடத்துக்குப் போவோம்.

'ஹார்டு', 'ஃபாஸ்ட்', 'லேட்', 'ஏர்லி', 'ஸ்ட்ரெய்ட்' ஆகிய சொற்கள் பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே உருவத்தில் வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் முடிவில் 'எ' என்ற ஓசையைச் சேர்த்தும் வினையடை ஆக்கினார்கள். காலப்போக்கில் அந்தக் கடைசி ஓசை தேய்ந்து மறைந்தது. மறைந்த பிறகு இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. 'ஹார்டு', 'ஃபாஸ்ட்' இரண்டும் அப்படி மிஞ்சியவை. 'ஹார்ட்லி'யும் ஒரு காலத்தில் 'கடுமையாக' என்ற பொருளில் வழங்கியதுதான். அது 'சிரமப்பட்டு' ஆகி, 'சிரமப்பட்டுத்தான், அதுவும் கொஞ்சம்தான்' ஆகி, கடைசியில் 'அனேகமாக இல்லை' என்று வந்து நின்றுவிட்டது. நீங்கள் பயன்படுத்தியது செத்துப்போன பொருள்.

இந்த மாதிரி ஜோடிகள் ஒரு பத்து இருக்கும், அவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 'ஹார்டு' கடுமையாக, 'ஹார்ட்லி' அனேகமாக இல்லை. 'லேட்' தாமதமாக, 'லேட்லி' சமீப காலமாக. 'நியர்' பக்கத்தில், 'நியர்லி' கிட்டத்தட்ட. 'ஹை' உயரத்தில், 'ஹைலி' மிகவும். 'ஷார்ட்' பாதியில் (ஸ்டாப் ஷார்ட் என்பதுபோல), 'ஷார்ட்லி' சற்று நேரத்தில். 'மோஸ்ட்' மிக அதிகமாக, 'மோஸ்ட்லி' பெரும்பாலும். உங்கள் தொழிலில் 'ஷார்ட்லி' அடிக்கடி உதவும்: 'வி வில் சென்ட் தி இன்வாய்ஸ் ஷார்ட்லி'.

'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. மதுரையில் பாதி ஆபீஸ் மெயில்களில் அது இருக்கும் என்பது வேறு விஷயம். 'ஃபாஸ்ட்' அல்லது 'க்விக்லி' எழுதுங்கள். எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு: 'லி'யில் முடிந்தும் பெயரடையாக இருப்பவை. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி', 'காஸ்ட்லி', 'எல்டர்லி' எல்லாம் இந்த வகை. 'ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' தப்பு. 'ஹி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். 'டெய்லி', 'வீக்லி' போன்றவை இரண்டு பக்கமும் நிற்கும்.

எழுத்துக்கூட்டலில் பெரிய சிக்கல் இல்லை. 'ஹாப்பி'யின் கடைசி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகும். 'ஜென்டில்', 'சிம்பிள்' போன்றவற்றில் கடைசி 'இ' போய் 'ஒய்' வரும். 'ஃபைனல்' ஏற்கெனவே 'எல்'லில் முடிவதால் 'ஃபைனலி'யில் இரண்டு 'எல்'. 'பேசிக்' போல 'ஐசி'யில் முடிவன 'ஏஎல்எல்ஒய்' எடுக்கும், 'பப்ளிக்' மட்டும் விலக்கு. 'ட்ரூ'விலிருந்து வரும் 'ட்ரூலி'யில் 'இ' கிடையாது. மெயிலின் கடைசியில் 'யுவர்ஸ் ட்ரூலி' போடுகிறவர்களில் எத்தனையோ பேர் அந்த 'இ'யைச் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 'லி' விதியை நம்பித் தமிழர் விழும் குழி நம்முடைய 'ஆக'வில் இருக்கிறது. 'அழகாக' என்று மனதில் வந்ததும் கை 'பியூட்டிஃபுலி' என்று எழுதப் போகிறது. தமிழில் அந்த 'ஆக' மூன்று வேலை பார்க்கிறது. 'அழகாகப் பாடுகிறாள்' என்றால் 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி', இங்கே வினையடை சரி. 'அழகாக இருக்கிறாள்' என்றால் 'ஷி இஸ் பியூட்டிஃபுல்', இங்கே பெயரடைதான் வர வேண்டும். 'டாக்டராக இருக்கிறார்' என்றால் 'ஹி இஸ் எ டாக்டர்', இங்கே வெறும் பெயர்ச்சொல். ஒரே ஒட்டு, ஆங்கிலத்தில் மூன்று வழி. எதற்குப் பக்கத்தில் அந்த 'ஆக' நிற்கிறது என்று பாருங்கள். 'இரு' என்ற வினையின் பக்கத்தில் நின்றால் 'லி' வராது.

'இரு'வுக்கு மட்டும் இல்லை, அதன் சொந்தக்காரர்களுக்கும் இதே கணக்கு. 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்', 'சவுண்ட்', 'சீம்', 'பிகம்' எல்லாம் ஒரு பொருளின் நிலையைச் சொல்லும் வினைகள். 'மல்லிகை வாசமாக இருக்கிறது' என்பதை 'தி ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' என்று எழுத வேண்டும், 'ஸ்வீட்லி' கூடாது. சோதித்துப் பார்ப்பது எளிது. அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள்: 'தி ஜாஸ்மின் இஸ் ஸ்வீட்'. பொருள் நின்றால் பெயரடை. 'ஹி லுக்டு ஆங்ரி' என்பது அவர் கோபமாகத் தெரிந்தார். 'ஹி லுக்டு ஆங்ரிலி அட் தி பாக்ஸ்' என்பது பெட்டியைக் கோபத்தோடு பார்த்தார். முதலாவதில் 'இஸ்' நிற்கும், இரண்டாவதில் நிற்காது. இரண்டாவதில் அவர் உண்மையாகவே ஒரு வேலை செய்கிறார், கண்ணால்.

இடம் என்று வந்தால், தமிழ் வாக்கியத்தை எடுத்துக் கண்ணாடியில் காட்டினால் ஆங்கில வாக்கியம் கிடைக்கும். வேறு உவமை தேட வேண்டியதில்லை. அப்படியே வரிசை திரும்பிவிடுகிறது. பாருங்கள்:

நேற்று – குடோனில் – கவனமாக – பூவை – பேக் செய்தார்கள்.
தே பேக்டு – தி ஃப்ளவர்ஸ் – கேர்ஃபுலி – இன் தி குடோன் – எஸ்டர்டே.

தமிழில் காலம், இடம், விதம், செயப்படுபொருள், கடைசியில் வினை. ஆங்கிலத்தில் வினை, செயப்படுபொருள், விதம், இடம், கடைசியில் காலம். தமிழ் வாக்கியத்தின் வலது கோடியிலிருந்து இடது பக்கமாகப் படித்துக்கொண்டே வந்தால் ஆங்கில வாக்கியம் தானாக அமையும். எழுவாய் மட்டும் எப்போதும் முன்னால். இந்த ஒன்றை உள்ளே வாங்கிவிட்டால் உங்கள் மெயிலில் பாதிச் சிக்கல் தீரும். காலத்தை மட்டும் வாக்கியத்தின் தலையிலும் வைக்கலாம், 'எஸ்டர்டே தே பேக்டு...' என்று. விதத்தைத் தலையில் வைத்தால் கதை எழுதுவதுபோல இருக்கும், ஆபீஸ் மெயிலுக்கு ஒத்துவராது. 'கோ', 'கம்' போல நகர்வைச் சொல்லும் வினைகளில் இடம் முன்னாலும் விதம் பின்னாலும் வரும்: 'ஷி வென்ட் ஹோம் க்விக்லி'.

இந்த வரிசையில் உடைக்கவே கூடாத கட்டு ஒன்று உண்டு. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையைச் செருகாதீர்கள். 'தே பேக்டு கேர்ஃபுலி தி ஃப்ளவர்ஸ்' என்பது ஆங்கிலக் காதுக்கு இடறும். தமிழில் 'பூவைக் கவனமாகப் பேக் செய்தார்கள்' என்று வினைக்கு ஒட்டியும் வினையடையை வைப்போம். அந்தப் பழக்கத்தில் வினைக்குப் பக்கத்திலேயே வைக்கத் தோன்றும். செயப்படுபொருள் பத்து வார்த்தை நீளமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு: 'ஷி எக்ஸ்ப்ளெய்ன்டு க்ளியர்லி தி ரீசன்ஸ் ஃபார் தி டிலே இன் தி லாஸ்ட் டூ ஷிப்மென்ட்ஸ்'. இதில் 'க்ளியர்லி'யைக் கடைசிக்குத் தள்ளினால் படிப்பவருக்கு அது எதைச் சேர்ந்தது என்றே தெரியாது.

நடு இடம் என்று ஒன்று இருக்கிறது. 'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆஃபன்', 'ரேர்லி', 'நெவர்', 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'ஸ்டில்', 'ஆல்சோ', 'ப்ராபப்லி' எல்லாம் சாதாரணமாக அங்கேதான் உட்காரும். விதி இப்படி: வெறும் வினை ஒன்று இருந்தால் அதற்கு முன்னால், 'வி ஆல்வேஸ் சென்ட்'. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' முதன்மை வினையாக வந்தால் அதற்குப் பின்னால், 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால், 'தி பாக்சஸ் ஹாவ் ஆல்ரெடி பீன் பேக்டு'. அதில் 'ஹாவ்', 'பீன்' என்று இரண்டு துணைவினை இருக்கின்றன, முதலாவதற்குப் பின் வைத்தால் போதும். எதிர்மறை வந்தால் 'யூஷுவலி' 'டோன்ட்'டுக்குப் பின்னால் போகும், ஆனால் 'ஸ்டில்', 'ப்ராபப்லி' இரண்டும் முன்னால் வரும்: 'வி டோன்ட் யூஷுவலி சென்ட் ஆன் சண்டேஸ்', 'வி ஸ்டில் ஹாவன்ட் ரிசீவ்டு தி பேமென்ட்'.

இடம் மாறினால் பொருளும் மாறுமா என்றால், மாறும். 'ஹி டிட் நாட் எக்ஸ்ப்ளெய்ன் இட் க்ளியர்லி' என்றால் விளக்கினார், தெளிவாக விளக்கவில்லை. 'ஹி க்ளியர்லி டிட் நாட் எக்ஸ்ப்ளெய்ன் இட்' என்றால் அவர் விளக்கவே இல்லை, அது பார்த்தாலே தெரிகிறது. முன்னதில் வினையடை வினையைத் தொடுகிறது, பின்னதில் வாக்கியம் முழுவதையும் தொடுகிறது, எழுதுகிறவரின் தீர்ப்பாக நிற்கிறது. 'அன்ஃபார்ச்சுனேட்லி' போன்றவை இந்த இரண்டாவது இனம். வாக்கியத்தின் தலையில் வைத்து ஒரு கமா போட்டுவிடுங்கள். தாமதத்தைச் சொல்லும் மெயிலுக்கு நல்ல தொடக்கம். 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' இரண்டையும் மட்டும் வாக்கியத்துக்கு வாக்கியம் தெளிக்காதீர்கள். எதையோ மழுப்புவதுபோல் தெரியும்.

'ஒன்லி' பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் 'மட்டும்' தான் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும், ஆங்கில 'ஒன்லி' பொதுவாக முன்னால் வரும். 'ஒன்லி வி சென்ட் ஜாஸ்மின் டு துபாய்' என்றால் நாங்கள் மட்டும்தான் அனுப்புகிறோம், வேறு யாரும் இல்லை. 'வி சென்ட் ஒன்லி ஜாஸ்மின் டு துபாய்' என்றால் மல்லிகையை மட்டும், பிச்சிப்பூ கிடையாது. 'வி சென்ட் ஜாஸ்மின் ஒன்லி டு துபாய்' என்றால் துபாய்க்கு மட்டும், சிங்கப்பூருக்கு இல்லை. ஒரு சொல்லை நகர்த்தினால் வியாபாரமே மாறுகிறது. பேச்சில் 'ஒன்லி'யை வினைக்கு முன் வைத்துவிட்டுக் குரலை ஏற்றி இறக்கிச் சமாளிப்பார்கள். மெயிலில் குரல் கேட்காது, அதனால் எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறீர்களோ அதற்கு நேர் முன்னால் வையுங்கள். பில்லில் தொகைக்குப் பின்னால் வரும் 'ஒன்லி' தனி வழக்கம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை 'தான்'. 'நேற்றுதான் அனுப்பினேன்' என்பது 'எஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்' ஆகிவிடுகிறது. நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், சிங்கப்பூரில் தமிழருக்குப் புரியும், மற்றவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். 'ஐ சென்ட் இட் ஒன்லி எஸ்டர்டே' என்று 'ஒன்லி'யை முன்னால் கொண்டுபோனால் சரியாகிவிடும். 'இப்போதான் பார்த்தேன்' என்பதற்கு 'நவ் ஒன்லி' வேண்டாம், 'ஐ ஹாவ் ஜஸ்ட் சீன் இட்' போதும். 'ஆபீஸில்தான் இருக்கேன்' என்பதில் உள்ள 'தான்'னுக்கு ஆங்கிலத்தில் ஒன்றுமே வேண்டாம், 'ஐ ஆம் அட் தி ஆபீஸ்'. எல்லாத் 'தான்'னுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் தேடாதீர்கள்.

'இன்னும்' என்பதும் இதேபோல் மூன்று பக்கம் பிரியும். 'இன்னும் வேலை பார்க்கிறார்' என்பதற்கு 'ஸ்டில்'. 'பணம் இன்னும் வரவில்லை' என்பதற்கு 'யெட்', அது வாக்கியத்தின் கடைசியில்: 'தி பேமென்ட் ஹாஸ் நாட் கம் யெட்'. 'இன்னும் இரண்டு பெட்டி' என்பதற்கு 'டூ மோர் பாக்சஸ்'. பணம் வராத வாக்கியத்தில் 'ஸ்டில்' போட்டாலும் இலக்கணம் சரிதான், ஆனால் பொறுமை தீர்ந்துபோன தொனி வந்துவிடும். முதல் நினைவூட்டலில் 'யெட்' வையுங்கள். மூன்றாவது நினைவூட்டலில் 'ஸ்டில்' எழுதலாம், அவர்களுக்கே புரியும்.

'நானும்' என்பதில் உள்ள 'உம்'முக்கு 'ஆல்சோ' அல்லது 'டூ'. எதிர்மறையில் இரண்டும் வராது, 'ஐதர்' வர வேண்டும்: 'நானும் வரவில்லை' என்பது 'ஐ டிட் நாட் கம் ஐதர்'.

காலத்தைக் காட்டும் வினையடைகள் வினையின் காலத்தையும் கட்டிப்போடும். 'ஐ ஹாவ் சென்ட் தி இன்வாய்ஸ் எஸ்டர்டே' என்பது மதுரை என்று இல்லை, நாடு முழுக்கப் பார்க்கிற தப்பு. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ' என்று முடிந்துபோன நேரத்தைக் குறித்துவிட்டால் 'ஹாவ்' போகவேண்டும். 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'யெட்' இருந்தால் 'ஹாவ்' இருக்கட்டும். 'இரண்டு நாளைக்கு முன்னாடி' என்பதற்கு 'டூ டேஸ் பிஃபோர்' எழுதுவதும் நம் வழக்கம். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ'. வேறொரு பழைய சம்பவத்திலிருந்து எண்ணினால்தான் 'பிஃபோர்'.

'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்', 'ரிபீட் அகெய்ன்' இவற்றில் 'பேக்', 'அகெய்ன்' வேண்டாத சுமை. 'திரும்ப' என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. 'மெல்ல மெல்ல' என்பதை 'ஸ்லோலி ஸ்லோலி' ஆக்காமல் 'க்ராஜுவலி' என்று எழுதுங்கள்.

'வெரி' வினையைத் தொடாது. பெயரடையையும் வேறு வினையடையையும்தான் தொடும்: 'வெரி ஃப்ரெஷ்', 'வெரி க்விக்லி'. அதனால்தான் 'ஐ வெரி லைக்' தப்பு. வினையைக் கூட்டிச் சொல்ல 'வெரி மச்' வேண்டும், அதுவும் செயப்படுபொருளுக்குப் பின்னால்: 'தே லைக் தி ஜாஸ்மின் வெரி மச்'. அல்லது 'ரியலி'யை முன்னால் வையுங்கள்: 'தே ரியலி லைக் தி ஜாஸ்மின்'. 'டூ' என்பதை 'ரொம்ப' என்று நினைத்து எழுதுவது ஆபத்து. 'தி ஃப்ளவர்ஸ் ஆர் டூ ஸ்மால்' என்றால் அளவுக்கு மீறிச் சிறியவை, வேண்டாம் என்று அர்த்தம். பாராட்டுவதற்கு 'டூ குட்' எழுதாதீர்கள். 'எனஃப்' பெயரடைக்குப் பின்னால் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'பிக் எனஃப்', ஆனால் 'எனஃப் ஐஸ்'.

உங்கள் தொழிலுக்கு என்றே ஒன்று: 'ஃப்ரெஷ்லி ப்ளக்டு ஜாஸ்மின்'. 'ப்ளக்டு' பறிக்கப்பட்ட என்ற பெயரடைபோல நிற்கிறது. அதைத் தொடுவதால் 'ஃப்ரெஷ்' அல்ல, 'ஃப்ரெஷ்லி'. 'லி'யில் முடியும் வினையடைக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே சிறு கோடு போட வேண்டாம். 'வெல்' வந்தால் பெயர்ச்சொல்லுக்கு முன் கோடு உண்டு, 'எ வெல்-பேக்டு பாக்ஸ்'. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் கோடு தேவையில்லை. 'குட்', 'வெல்' இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மதுரை மல்லி சிங்கப்பூரில் நன்றாக விற்கிறது என்றால் 'இட் செல்ஸ் வெல்'.

வங்கித் தேர்வுக்கு வருவோம். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் வினையடை வரும் இடங்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டுக்கும் ஜோடி 'வென்', 'நோ சூனர்'க்கு ஜோடி 'தேன்'. இவை வாக்கியத்தின் தலையில் வந்தால் துணைவினை எழுவாயை முந்திக்கொள்ளும்: 'ஹார்ட்லி ஹாட் தி லாரி லெஃப்ட் வென் இட் பிகான் டு ரெயின்'. 'நெவர்', 'ரேர்லி', 'செல்டம்' தலையில் வந்தாலும் இதேதான்: 'நெவர் ஹாவ் வி ரிசீவ்டு சச் எ கம்ப்ளெய்ன்ட்'. 'ஹார்ட்லி'க்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் அதோடு 'நோ', 'நாட்' சேராது. 'ஹார்ட்லி எனி ஸ்டாக்' சரி, 'ஹார்ட்லி நோ ஸ்டாக்' தப்பு. 'செல்டம் ஆர் எவர்' என்று கேள்வித்தாளில் பார்த்தால் அதுதான் பிழை. 'செல்டம் ஆர் நெவர்' அல்லது 'செல்டம் இஃப் எவர்'. ஒப்பீட்டில் 'மோர் ஃபாஸ்டர்', 'மோர் பெட்டர்' இரண்டும் இரட்டிப்பு. ஓரசைச் சொல்லுக்கு 'ஃபாஸ்டர்', 'லி'யில் முடிந்ததற்கு 'மோர் கேர்ஃபுலி'.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் வாங்க வேண்டாம். உங்கள் மெயிலின் 'சென்ட்' பெட்டியைத் திறந்து போன மாதத்தில் அனுப்பியவற்றில் பத்தை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வினையடைகளை அடிக்கோடிட்டு, அது எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு வினைக்குப் போனால், அந்த வினையின் இடத்தில் 'இஸ்' நிற்குமா என்று பாருங்கள். நின்றால் 'லி'யை எடுத்துவிடுங்கள். அடுத்து, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே அது செருகிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அம்பை எங்கே போடுவது என்றே தெரியாத வினையடை இருந்தால், பெரும்பாலும் அது தேவையில்லாதது, அடித்துவிடலாம். பத்து மெயிலில் உங்களுடைய தப்பு மூன்று வகைக்குள்தான் வரும். அந்த மூன்றையும் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மொத்த இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் திருத்தப் பார்த்தால் ஒரு மெயில் எழுதவே அரை நாள் ஆகும்.

திருமங்கலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கண்ணாடிப் பயிற்சியைச் செய்யலாம். காலம், இடம், விதம் மூன்றும் இருக்கிற தமிழ் வாக்கியம் ஒன்றை மனதில் சொல்லி, வலமிருந்து இடமாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து போதும். வாயசைத்துச் சொல்வது முக்கியம். வரிசை கண்ணைவிட வாயில்தான் பதியும்.

விடுமுறை நாளில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நடை போங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதிய லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது, அது பொருளை மட்டும் தரும். லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் சொல்லுக்குப் பக்கத்தில் 'ஏடிவி' (அட்வெர்ப் என்பதன் சுருக்கம்) என்ற குறிப்பு இருக்கும், கீழே இரண்டு மூன்று முழு வாக்கியம் இருக்கும். பொருளைப் படித்துவிட்டு மூடாமல் அந்த வாக்கியங்களில் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன ஜோடிகள், 'ஸ்டில்', 'யெட்', 'ஒன்லி', 'ஆல்சோ' ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம் நோட்டில் எழுதி, அதில் உள்ள பெயர்களை எடுத்துவிட்டு உங்கள் ஆபீஸ் பெயர்களைப் போடுங்கள்: பெட்டி, இன்வாய்ஸ், லாரி, பேமென்ட். அடுத்த மெயில் எழுதும்போது அந்த வாக்கியங்களையே எடுத்தாளலாம்.